மலைநாட்டுக்கு வரும் வலசைக் குருவிகள்: ஜியோலொகேட்டரா, ரேடியோ டேக்கா?

தங்கமலை நிழல்
எல்லாருக்கும் வணக்கம். அப்புத்தளை, ஹக்கல, நுவரெலியா விக்டோரியா பூங்கா, இந்த மூன்று இடங்களையும் வைத்து ஒரு வேலை திட்டமிடுகிறோம். ஒக்டோபரில் வந்து ஏப்ரலுக்குள் போகும் குருவிகளில் நாலைத் தெரிந்திருக்கிறோம்: ஆறுமணிக் குருவி, பைட் த்ரஷ், இந்திய நீல ராபின், காஷ்மீர் ஈபிடிப்பான். பறவையின் காலில் அடையாள வளையமிடும் அனுமதி உள்ளவர் குழுவில் இருக்கிறார். தெரிய வேண்டியது இரண்டு. இவை இங்கேயே குளிர்காலம் முழுக்கத் தங்குகின்றனவா, இல்லை சில நாள் தங்கி வேறு மலைக்கு நகர்கின்றனவா? போகும்போது எந்த இரவு, எந்தப் பக்கமாகக் கிளம்புகின்றன? ரேடியோ டேக்கும் அதன் சமிக்ஞையைக் கேட்கும் கோபுரமும் வேண்டாம், ஜியோலொகேட்டர் (ஒளியைப் பதிந்து இடம் கணிக்க உதவும் சிறு கருவி) கட்டினால் போதும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. எதை வாங்குவது?

நக்கிள்ஸ் வளையம்
தம்பி, முதலில் தராசு. கருவிப் பட்டியலைப் பிறகு பார்க்கலாம்.

உடல் எடையில் 3 வீதத்துக்கு மேல் சுமத்தக் கூடாது என்பதுதான் பொதுவாகப் பின்பற்றும் எல்லை. பழைய கட்டுரைகளில் 5 வீதம் என்று இருக்கும், அதை நம்பிப் போகவேண்டாம். அந்த 3 வீதத்துக்குள் டேக் மட்டுமில்லை, கட்டும் நூல், பசை, அடியில் வைக்கும் துணி எல்லாமே அடக்கம். ஆறுமணிக் குருவியும் பைட் த்ரஷும் 50 கிராமுக்கு மேல் வரும், ஆகவே 1.5 கிராம் வரை இடமுண்டு. நீல ராபினை 14 கிராம் என்று வைத்தால் 0.42. காஷ்மீர் ஈபிடிப்பான் 10 கிராம் அளவுதான், அதற்கு 0.3. இந்த 0.3 கிராமில் ஜியோலொகேட்டர் என்பது உலகத்திலேயே ஆகச் சிறியவற்றில் ஒன்று. நூலைச் சேர்த்தால் எல்லையைத் தாண்டிவிடும். அத்தோடு காஷ்மீர் ஈபிடிப்பான் உலக அளவில் அழியக்கூடிய நிலையில் உள்ள இனம், பரிசோதனை செய்து பார்ப்பதற்கான குருவி இல்லை.

பட்டியலில் இருக்கும் எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கையில் இருக்கும் பறவையின் அன்றைய எடையை எடுங்கள். மார்ச் கடைசியில் கொழுப்பேற்றிய குருவிக்குச் சரியாக இருக்கும் டேக், ஒக்டோபரில் கடல் தாண்டி மெலிந்து வந்த அதே குருவிக்குக் கூடுதல். நெஞ்செலும்பு கூராகத் தெரிந்தால் வளையம் மட்டும் போட்டு விட்டுவிடுவதுதான் முறை.

பதுளைப் புள்ளி
எடையைத் தாண்டி இன்னொரு தடை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதில்லை. ஜியோலொகேட்டர் ஒளியை மட்டும் பதிகிறது. சூரியன் உதித்த நேரம், மறைந்த நேரம் இரண்டையும் வைத்து நடுப்பகல் எப்போது என்று பார்த்தால் நெடுங்கோடு வரும், பகலின் நீளத்தைப் பார்த்தால் அகலாங்கு வரும். நெடுங்கோட்டில் ஒரு பாகைக்கு 4 நிமிடம். அது உலகத்தில் எங்கே நின்றாலும் ஒன்றுதான். அகலாங்குதான் சிக்கல்.

60 பாகை வடக்கில், ஜூன் அல்லது டிசம்பர் கடைசியில், ஒரு பாகை நகர்ந்தால் பகலின் நீளம் ஏறக்குறைய 21 நிமிடம் மாறும். நுவரெலியா இருக்கும் 7 பாகையில் அதே நாளில் மாறுவது மூன்றரை நிமிடம். வருஷம் முழுக்க எடுத்தாலும் இங்கே ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம் இல்லை. ஐரோப்பாவில் இந்தக் கருவியை வைத்து அழகான வரைபடங்கள் வருகின்றன என்றால் அதற்குக் காரணம் அங்கத்தைய சூரியன்.

இப்போது நம்முடைய மலையைச் சேர்த்துப் பாருங்கள். கிழக்கே ஒரு மலைமுகடு அடிவானத்தைவிட 5 பாகை உயரத்தில் நிற்கிறது என்று வைப்போம். இங்கே சூரியன் நேர்க்குத்தாக ஏறுவதால் அந்த முகட்டைத் தாண்டி வர 20 நிமிடம் பிந்தும். டிசம்பரில் பகல் 20 நிமிடம் குறைந்ததாகக் கருவி எழுதினால், கணக்கு பறவையை 6 பாகை அளவு வடக்கே தள்ளும். நடுப்பகல் 10 நிமிடம் பிந்துவதால் இரண்டரைப் பாகை மேற்கேயும் தள்ளும். விக்டோரியா பூங்காவில் புழு கொத்திக்கொண்டிருந்த ஆறுமணிக் குருவி, வரைபடத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் நிற்கும். இது முகடு மட்டும். காலை மூடுபனி, அடர்ந்த புதர் நிழல் எல்லாம் இதற்கு மேலே. மார்ச், செப்டெம்பர் சமபகல் நாட்களை ஒட்டி முன்னும் பின்னும் இரண்டு மூன்று வாரத்துக்கு அகலாங்கே கிடைக்காது. நீங்கள் கேட்கும் புறப்பாடு நடப்பது அந்த வாரங்களை ஒட்டித்தான்.

பிடித்த இடத்திலேயே கருவியைச் சில வாரம் ஓடவிட்டு அளவீடு செய்தால் முகட்டின் பிழையைக் கழிக்கலாம், உண்மை. ஆனால் மூடுபனி ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் வராதே. ஹக்கலவிலிருந்து தங்கமலைக்குப் போனதா என்ற கேள்விக்கு 200 கிலோமீற்றர் பிழையுள்ள கருவியால் பதில் சொல்ல முடியாது.

மூடுபனி 1868
புள்ளி சேர் சொல்வது ஒளிக்கு மட்டும் சரி. இப்போது ஒளியோடு காற்றழுத்தத்தையும் பதியும் லொகர்கள், அதாவது பதிவுக் கருவிகள், 1.3 கிராம் அளவில் இருக்கின்றன. 3 வீதக் கணக்கில் 43 கிராமுக்கு மேற்பட்ட பறவை போதும், ஆறுமணிக் குருவிக்கும் பைட் த்ரஷுக்கும் தாராளமாகப் பொருந்தும். பறவை ஓரிடத்தில் நிற்கும்போது பதிந்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை ஈ.ஆர்.ஏ.5 என்ற உலக வானிலைத் தரவோடு ஒப்பிட்டு இடம் கண்டுபிடிப்பார்கள். சமபகல் பிரச்சினை இல்லை, நிழல் பிரச்சினை இல்லை. நம் மலைக்கு இன்னொரு லாபம்: உயரமும் கிடைக்கும். 1900 மீற்றரில் ஏறக்குறைய 10 மீற்றருக்கு அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறும். ஹக்கலவிலிருந்து வெலிமடைப் பள்ளத்துக்கு இறங்கியதா என்பது அழுத்தத்திலேயே தெரிந்துவிடும். பைட் த்ரஷ் இமயமலையில் எந்த உயரத்தில் கூடு கட்டப் போகிறது என்பதும் தெரியும். கோபுரம் எதுவும் அதைச் சொல்லாது.

பதுளைப் புள்ளி
அந்த முறை இமயமலையில் வேலை செய்யும், ஒத்துக்கொள்கிறேன். இங்கே அவ்வளவு நல்லதில்லை. நடு அகலாங்குகளில் உயர் அழுத்தமும் தாழ் அழுத்தமும் மாறி மாறிக் கடப்பதால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தனிக் கோடு கிடைக்கிறது. இலங்கையில் ஒரு நாளின் அழுத்த மாற்றத்தில் பெரும்பங்கு நாளுக்கு இரண்டு தடவை வரும் அந்த ஏற்ற இறக்கம்தான்: காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சம், 4 மணி வாக்கில் பள்ளம். கொழும்பிலும் மதுரையிலும் அது கிட்டத்தட்ட ஒரே வடிவம். நவம்பர், டிசம்பரில் வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம் வந்தால் அந்த நாலைந்து நாள் நல்ல அடையாளம் கிடைக்கும், மற்ற நாளில் தீவுக்கும் தென்னிந்தியாவுக்கும் வேறுபாடு பிரிப்பது கடினம். ஈ.ஆர்.ஏ.5 கட்டம் ஒன்றின் அகலம் கால் பாகை, அதாவது 28 கிலோமீற்றர் அளவு. நுவரெலியாவும் ஹக்கலவும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

நீங்கள் சொன்ன உயர மாற்றத்துக்கு மட்டும் நூறு வீதம் உடன்படுகிறேன். அதற்காகவே சில பைட் த்ரஷுக்குப் போடலாம். ஆனால் லொகர் எதுவாக இருந்தாலும் அடுத்த ஒக்டோபரில் அதே பறவையைத் திரும்பப் பிடித்தால்தான் தரவு. தரவு முதுகிலேயே இருக்கும்.

தங்கமலை நிழல்
திரும்பப் பிடிப்பதுதான் எங்களுக்கும் பயம். அப்படியென்றால் ரேடியோ டேக் பக்கம் வருவோம். குறியிட்ட ரேடியோ டேக்குகளைக் கோபுரங்களின் வலையமைப்பால் கேட்கும் மோட்டஸ் முறையைப் பற்றிப் படித்தேன். எல்லா டேக்கும் ஒரே அலைவரிசை என்கிறார்களே, எப்படிப் பிரித்தறிவது?

தலவாக்கலை அலைவரிசை
கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

கனடாவின் பேர்ட்ஸ் கனடா என்ற அமைப்பு நடத்தும் மோட்டஸில் ஒரு பிராந்தியத்துக்கு ஒரு அலைவரிசை. அமெரிக்கக் கண்டங்களில் 166.380 மெகாஹேர்ட்ஸ், ஐரோப்பாவில் 150.1. குறியிட்ட டேக் ஒவ்வொன்றும் நாலு சின்னத் துடிப்புகளை ஒரு கொத்தாக அனுப்பும். துடிப்புகளுக்கு நடுவே உள்ள மூன்று இடைவெளிகள், மில்லிசெக்கனில், அந்த டேக்குக்கே உரியவை. ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் உள்ள நேரமும் நிலையானது. இந்த இரண்டும் சேர்ந்துதான் அடையாளம். இடைவெளியை இவ்வளவு நுணுக்கமாக அளப்பதால் ரிசீவரின் கடிகாரம் ஜி.பி.எஸ். மூலம் ஒத்தோட வேண்டும்.

ஓர்டர் போடும்போது கொத்து இடைவெளி எத்தனை செக்கன் என்று கேட்பார்கள். பற்றரி நீடிக்கட்டும் என்று 30 செக்கன் எழுதிவிடாதீர்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் பறக்கும் குருவி, அன்டெனாவின் 2 கிலோமீற்றர் அகலக் கற்றையைக் கடக்க 144 செக்கன் எடுக்கும். 30 செக்கன் டேக் அதற்குள் நாலைந்து கொத்துத்தான் அனுப்பும். அதில் இரண்டு மலை மறைப்பில் போனால் மிச்சத்தை இரைச்சல் என்று தள்ளிவிடுவார்கள். 10 செக்கன் என்றால் 14 கொத்து. ஆகவே புறப்பாடு கேள்வி என்றால் 10 செக்கனுக்கு மேலே போகவேண்டாம்.

பற்றரிக் கணக்கை மாட்டும் திகதியால் சரிக்கட்டலாம். 0.3 கிராமுக்குக் கீழே உள்ள டேக் சில வாரம்தான் உயிரோடு இருக்கும், ஒக்டோபரில் ஒட்டினால் ஏப்ரல் புறப்பாட்டுக்கு முன்னமே செத்துவிடும். காஷ்மீர் ஈபிடிப்பானுக்கும் நீல ராபினுக்கும் மார்ச் முதல் வாரத்தில் ஒட்டுங்கள், புறப்பாட்டை மட்டும் கேளுங்கள். 1 கிராம் அளவு டேக் குளிர்காலம் முழுக்க ஓடும், ஆறுமணிக் குருவிக்கும் பைட் த்ரஷுக்கும் அதை ஒக்டோபரிலேயே போட்டு இரண்டு கேள்வியையும் கேட்கலாம்.

434 மெகாஹேர்ட்ஸில் ஓடும் சோலார் டேக்குகள் பற்றி யாராவது சொல்லுவார்கள். 0.45 கிராம், பற்றரியே இல்லை, பறவை வாழும் வரை ஓடும். கேட்க ருசியாகத்தான் இருக்கும். ஆனால் வெயில் பட்டால்தான் பேசும். ஆறுமணிக் குருவியும் பைட் த்ரஷும் புதருக்கடியில் சருகு கிளறும் சாதி. அதைவிட முக்கியம், இந்தக் குருவிகள் பெரும்பாலும் இரவில் கிளம்புபவை. சூரியன் போனபின் ஊமையாகிற டேக்கை வைத்து இரவுப் புறப்பாட்டைப் பிடிக்க முடியாது. தகைவிலானுக்கு வேண்டுமென்றால் பொருந்தும்.

தங்கமலை நிழல்
அண்ணே, ரிசீவர் நாமே கட்டலாம் என்கிறீர்கள்தானே? பாகங்களைக் கொஞ்சம் சொல்லுங்கள். தேயிலைத் தோட்டத்தில் மின்சாரம் இல்லாத இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலை அலைவரிசை
சென்சர்நோம் மென்பொருள் போட்ட ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்று. அன்டெனா ஒன்றுக்கு ஒரு ஃபன்கியூப் புரோ பிளஸ் டொங்கிள், அதாவது யு.எஸ்.பி.யில் செருகும் ரேடியோ ரிசீவர். தனி மின்சாரம் உள்ள யு.எஸ்.பி. ஹப், யு.எஸ்.பி. ஜி.பி.எஸ்., 32 ஜிகாபைட் எஸ்.டி. கார்ட். மலிவு ஆர்.டி.எல். டொங்கிளும் பிடிக்கும், ஆனால் வெப்பநிலையைச் சரிக்கட்டும் படிகம் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரணமானது 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை விலகும், 150 மெகாஹேர்ட்ஸில் அது 7.5 கிலோஹேர்ட்ஸ். நுவரெலியாவில் விடியற்காலை உறைபனிக்கும் மத்தியான வெயிலில் பெட்டிக்குள் வரும் சூட்டுக்கும் இடையில் அது அலைந்துகொண்டே இருக்கும். டொங்கிளை டேக் அலைவரிசையைவிட 4 கிலோஹேர்ட்ஸ் கீழே இசைத்து வைப்பது வழக்கம். 150.1 என்றால் 150.096. நேரே அதே எண்ணைப் போட்டால் டொங்கிளின் நடுப்புள்ளி இரைச்சலில் டேக் மூழ்கிவிடும்.

கேபிள்தான் எல்லாரும் காசை வீணாக்கும் இடம். ஆர்.ஜி. 58 கேபிள் 15 மீற்றர் போட்டால் 3 டெசிபெல் போய்விடும், வந்த சக்தியில் பாதி. அதே நீளத்தில் சாதாரண டிவி டிஷ் கேபிள் ஆர்.ஜி. 6 ஒன்றேகால் டெசிபெல் அளவுதான் இழக்கும். 75 ஓம், 50 ஓம் பொருந்தாதே என்று பயப்பட வேண்டாம், அந்த இழப்பு 0.2 டெசிபெல் கூட இல்லை. ஹட்டனில் எந்தக் கடையிலும் கிடைக்கும். இழப்புக் குறைந்த எல்.எம்.ஆர். 400 கேபிள் கையில் இருந்தால் நல்லது, இல்லையென்று வேலையை நிறுத்தாதீர்கள். இணைப்புகளில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள், கறுப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் போதாது. பெட்டிக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மின்சாரம்: மூன்று டொங்கிளோடு மொத்தம் 6 வாட் என்று எடுங்கள். நாளுக்கு 144 வாட் மணி, 12 வோல்டில் 12 அம்பியர் மணி. ஐந்து நாள் மூடுபனி தாங்க 60 அம்பியர் மணி பாவிக்கக்கூடியதாக வேண்டும். ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 120, லித்தியம் அயன் பொஸ்பேட் என்றால் 80 போதும். நாளுக்கு இரண்டு மணித்தியால நல்ல வெயில்தான் என்று வைத்து, இழப்பையும் சேர்த்தால் 100 வாட் பனல் கட்டாயம், 150 போட்டால் நிம்மதி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் இந்தக் கணக்கெல்லாம் உடையும். ஆனால் அந்த மாதங்களில் குருவியே இல்லையே. எல்லாவற்றையும் கழற்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள். விட்டுவைத்தால் இணைப்புகள் பச்சை பூத்துவிடும்.

இடி மின்னல் மட்டும் அதற்கு நேர் எதிர். பருவக்காற்று மாறும் ஒக்டோபர், நவம்பரிலும் ஏப்ரலிலும்தான் பின்னேர இடி அதிகம், குருவி வருவதும் போவதும் அதே நேரம். ஒவ்வொரு கேபிளிலும் வாயுக்குழாய் மின்னல் தடுப்பான் போட்டு, அன்டெனா மாட்டிய குழாயையும் பெட்டியையும் ஒரே பூமிக்கம்பியில் இணையுங்கள். இரண்டு இடத்தில் தனித்தனியாகப் பூமியிட்டால் அந்த வித்தியாசமே டொங்கிளைச் சுடும்.

லிந்துலை லயம்
அண்ணே, தோட்டத்துக்குள்ள வைக்கிறதுன்னா ரெண்டு மூணு விஷயம் இருக்குங்க. மரக்கறித் தோட்டத்துலயும் தேயிலை ஓரத்துலயும் காட்டுப்பன்றிக்கு மின்வேலி போட்டிருப்பாங்க. அந்த வேலிப்பெட்டி செக்கனுக்கு ஒண்ணுன்னு அடிக்கிற துடிப்பு, புல்லு பட்டுப் பொறி பறந்தா, சுத்து வட்டாரம் பூரா ரேடியோவுல டக் டக்னு கேக்கும். வைக்கிறதுக்கு முன்னாடி ராத்திரியில ஒரு சின்ன ரேடியோவை வச்சுக்கிட்டு அந்த மலையைச் சுத்தி நடந்து பாருங்க. தேயிலைத் தொழிற்சாலை மோட்டார், மலிவு எல்.ஈ.டி. பல்பு, சோலார் சார்ஜ் கொன்ட்ரோலர் எல்லாமே சத்தம் போடும். கொன்ட்ரோலரை அன்டெனாக்குக் கீழேயே மாட்டாதீங்க.

துரைகிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. வாங்கும்போதே அந்த மலைக்கு எப்ப கவ்வாத்து, சவுக்கு மரம் எப்ப கிளை வெட்டுவாங்கன்னும் கேட்டு வச்சுக்கோங்க. சவுக்கு மரத்துலயே அன்டெனா கட்டலாம்னு நெனைச்சா வேணாம், காத்துக்கு அது ஆடுற ஆட்டத்துல திசையே நிக்காது. பனலைத் தரையில வச்சா காணாமப் போயிரும். பங்களா கூரை, கோயில் பக்கத்து தண்ணித் தொட்டி, ஆள் நடமாட்டம் உள்ள இடம்தான் சரி. கங்காணிக்கும் லயத்து ஆளுங்களுக்கும் இது என்னன்னு சொல்லி வச்சுட்டாப் போதும், அவங்களே பாத்துக்குவாங்க. சொல்லலேன்னா ஏதோ கேமரான்னு நெனைச்சு வம்பு வரும்.

தங்கமலை நிழல்
மின்வேலி நினைத்தே பார்க்காத விஷயம், நன்றி அண்ணே. அடுத்தது இடம். ஒரே ஒரு கோபுரத்துக்குத்தான் வசதி. எங்கே?

மூடுபனி 1868
பிதுருதலாகலைக்குக் கிட்டப் போகாதீர்கள். உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம், அனுமதியும் கிடைக்காது, டொங்கிளும் செவிடாகும். நகரத்துக்குள் வைத்தால் அந்த 2,524 மீற்றர் மலை நேர் வடக்கே சுவராக நிற்கும். குருவி போகும் திசை பெரும்பாலும் வடக்கு. முகட்டைத் தாண்டிய கணத்தில் சமிக்ஞை வெட்டுப்படும், பிறகு அது எந்தப் பக்கம் திரும்பியது என்று யாராலும் சொல்ல முடியாது.

தலவாக்கலை அலைவரிசை
கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கவும் வேண்டாம். கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளில் எஸ்.ஆர்.டி.எம். 30 மீற்றர் உயரத் தரவைப் போட்டு, பார்வைப் பரப்பு வரைபடம் (அன்டெனாவுக்கு மலை மறைக்காத இடங்களைக் காட்டுவது) இரண்டு எடுங்கள். முதலாவதில் அன்டெனா உயரம் 10 மீற்றர், பறவை உயரம் 2 மீற்றர். இது மேயும் பறவைக்கு. இரண்டாவதில் பறவை உயரம் 300 மீற்றர், இது கிளம்பிப் போகும் பறவைக்கு. முதல் வரைபடம் உங்களைப் பயமுறுத்தும். வெறும் பொட்டு பொட்டாக இருக்கும். நனைந்த புதருக்குள் இருக்கும் டேக் சில நூறு மீற்றர்தான் கேட்கும். இரண்டாவதில் பத்து கிலோமீற்றருக்கு மேலும் திறந்திருக்கும். இரண்டு கேள்விக்கும் ஒரே இடம் பொருந்தாவிட்டால், கோபுரத்தைப் புறப்பாட்டுக்குக் கொடுத்து, தங்குவதைக் கையில் பிடிக்கும் மூன்று தண்டு யாகி அன்டெனாவால் நடந்து பார்ப்பதே நல்லது.

என் தெரிவு அப்புத்தளை முகடு. ஒரு பக்கம் ஊவாப் பள்ளம் முழுக்கத் திறந்திருக்கிறது, தங்கமலைக் காடும் கிட்ட. குறை காற்று. 150 மெகாஹேர்ட்ஸில் ஒவ்வொரு தண்டும் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவான நீளம், ஒன்பது தண்டு யாகி மூன்று மீற்றருக்கு மேல் போகும். அந்தக் கணவாய்க் காற்றில் அது முறுக்கிக்கொண்டு திரும்பும், உங்களுக்குத் தெரியாமலே திசை மாறியிருக்கும். ஐந்து தண்டு போதும். மூன்று அன்டெனா: வடமேற்கு, வடக்கு, கிழக்கு. தண்டுகளைக் கிடையாக வையுங்கள், பறக்கும் குருவியின் டேக் கம்பியும் வால் பக்கம் கிடையாகத்தான் நீளும். குழாயில் ஒவ்வொரு பிடியையும் ஒரு துளை போட்டு போல்ட் இறுக்குங்கள், யு வளையத்தை மட்டும் நம்பவேண்டாம்.

ஒற்றைக் கோபுரம் கிளம்பிய நேரத்தையும் முதல் திசையையும் சொல்லும், அவ்வளவுதான். மன்னாரில் இன்னொன்று இருந்தால் கதையே வேறு. நுவரெலியாவிலிருந்து மன்னார் நேர்கோட்டில் 245 கிலோமீற்றர் அளவு. ஏப்ரலில் சூரியன் மறைவது ஆறேகால் மணி வாக்கில். ஏழு மணிக்குக் கிளம்பிய குருவி மணிக்கு 45 கிலோமீற்றரில் போனால் நள்ளிரவு தாண்டி அரை மணிக்கு அங்கே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வேறு பாதை, அல்லது வழியில் இறங்கித் தங்கியிருக்கிறது.

நக்கிள்ஸ் வளையம்
நீங்கள் எல்லாம் கோபுரத்திலேயே நிற்கிறீர்கள். குருவி கைக்கு வந்தபின் நடப்பதையும் சொல்கிறேன்.

வலை: ஈபிடிப்பானுக்கும் ராபினுக்கும் 16 மில்லிமீற்றர் கண், த்ரஷுக்கும் ஆறுமணிக் குருவிக்கும் 19. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். மூடுபனி தூறலாக மாறியதும் மூடிவிட வேண்டும். நுவரெலியாவின் காலைக் குளிரில் நனைந்த 10 கிராம் குருவி அதிக நேரம் தாங்காது. உலர்ந்த துணிப்பைகள் கூடுதலாக வையுங்கள், ஒரு பறவைக்குப் பாவித்த ஈரப்பையை அடுத்ததுக்குப் பாவிக்காதீர்கள்.

மார்ச்சில் போடும் சின்ன டேக்குகளை ஒட்டினால் போதும். தோள்பட்டைகளுக்கு நடுவே சில இறகுகளை ஒட்ட வெட்டி, டேக்கின் அடியில் மெல்லிய பருத்தித் துணி ஒட்டி, துணியின் மேல் துளி சூப்பர் குளூ. பசை தோலில் நேரே படக்கூடாது, சூடேறிப் புண்ணாகும். இரண்டு நிமிடம் அசையாமல் பிடித்து, பக்கத்து இறகு ஒட்டிக்கொண்டதா என்று ஊசி முனையால் பாருங்கள். இறக்கையோடு ஒட்டிய ஒரு இறகு போதும், பறவை கோணலாகப் பறக்கும். சில வாரத்தில் தானாக விழுந்துவிடும், அது நமக்கு வேண்டியதுதான்.

ஒக்டோபரில் போடும் பெரிய டேக்குக்குத் தொடை வளையம், அதாவது தொடைகளைச் சுற்றும் இரண்டு நூல் கண்ணிகள். 0.7 மில்லிமீற்றர் இழுவை நூல், பாசிமணி கோக்கக் கடையில் விற்பது. இரண்டு கண்ணிகளும் ஒரே அளவு, டேக் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். பென்சில் முனையால் தூக்கினால் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் எழ வேண்டும். அதற்கு மேல் எழுந்தால் கால் ஒன்றை உள்ளே மாட்டிக்கொள்ளும், எழவே இல்லையென்றால் மார்ச்சில் கொழுப்பேறும்போது இறுக்கும். ஒக்டோபரில் மெலிந்திருக்கும் பறவைக்கு அளவெடுக்கிறோம் என்பதை நினைவில் வைத்து, நூலின் இழுவையை நம்புங்கள், முடிச்சை நம்பவேண்டாம். முடிச்சில் ஒரு துளி பசை. விடுமுன் நிழலில் ஒரு பெட்டிக்குள் ஐந்து நிமிடம், இரண்டு காலும் தட்டாமல் நிற்கிறதா என்று பார்த்து விடுங்கள்.

பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் கொழுப்பு மதிப்பெண் எழுதுங்கள். தொண்டைக் குழி வெறுமையா, நிரம்பியதா, வயிற்றுக்கு மேல் படர்ந்ததா. அதில்லாமல் தங்கல் என்ற சொல்லுக்கே அர்த்தமில்லை.

மூடுபனி 1868
அக்கா கடைசியில் சொன்னதில்தான் எனக்கும் சண்டை. மலைநாட்டில் இடைத்தங்கல், அதாவது வழியில் சில நாள் இறங்கித் தங்குவது, என்று ஒன்று இருக்கிறதா? மத்திய ஆசியப் பறக்கும் பாதை இங்கேதான் முடிகிறது. தெற்கே கடல். இமயத்திலிருந்து வந்த குருவிக்கு நுவரெலியா கடைசி நிறுத்தம். இடைத்தங்கலைப் பார்க்க வேண்டுமானால் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போங்கள்.

பதுளைப் புள்ளி
ஒக்டோபரில் ஹக்கலவில் காணும் ஒரு ராபின் பத்து நாளில் மறைந்தால் அது செத்ததா, ஊவாப் பக்கம் நகர்ந்ததா, டேக் விழுந்ததா? இந்த மூன்றையும் பிரிக்காமல் கடைசி நிறுத்தம் என்று சொல்வது அவசரம். தீவுக்குள்ளேயே வடகீழ் மழைக்கும் உறைபனிக்கும் தக்கபடி மலை மாறலாம். வளையம் போட்ட பறவையைத் திரும்பக் காண்பதால் மட்டும் இது தெரியாது. டேக் சொல்லும்.

எப்படிச் சொல்லும் என்றால், சமிக்ஞையின் வடிவத்தால். மேயும் பறவையின் சமிக்ஞைப் பலத்தைக் காட்டும் வரி பகல் முழுக்க ஏறி இறங்கித் துள்ளும், இரவில் தட்டையாகும். விழுந்த டேக்கும் செத்த பறவையும் பகலிலும் தட்டை. புறப்பாடு இப்படி இருக்கும்: சூரியன் மறைந்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள், தட்டையாக இருந்த வரி திடீரென்று உயரும். பறவை மரத்துக்கு மேலே எழுந்துவிட்டது, மறைப்பு இல்லை. பிறகு ஒரு அன்டெனாவில் இறங்கும்போது அடுத்ததில் ஏறும், கடைசியில் எல்லாம் மெலிந்து நிற்கும். மூன்று அன்டெனாவின் அந்த வரிசைதான் திசை. ஏறாமலே நின்றுபோன வரியைப் புறப்பாடு என்று எண்ணக் கூடாது. அது பற்றரியாக இருக்கலாம், இடி விழுந்த டொங்கிளாகவும் இருக்கலாம்.

பொய்ப் பதிவைக் கழிக்க: தொடர்ந்து இரண்டு மூன்று கொத்து மட்டும் வந்ததைச் சேர்க்கவேண்டாம். ஒரே தொடரில் அலைவரிசை சிதறுகிறதா பாருங்கள். உண்மையான டேக் ஒரே இடத்தில் நெருக்கமாக நிற்கும், மின்வேலி இரைச்சல் அகலமாகப் பரவும். ராஸ்பெரி பை 5-க்கு முந்தியவற்றுக்குள் தனிக் கடிகாரம் இல்லை. ஜி.பி.எஸ். பிடிக்காமல் தொடங்கினால் ஏதோ பழைய ஆண்டைப் போட்டுப் பதியும். கார்டை எடுக்கும்போது முதலில் திகதியைப் பாருங்கள்.

நக்கிள்ஸ் வளையம்
மூடுபனித் தம்பி, பறக்கும் பாதை இங்கே முடியலாம். தீவுக்குள் நகர்வதையும் சேர்த்துத்தானே நிழல் கேட்டார்.

அனுமதியை யாரும் சொல்லவில்லையே. பிடிப்பதற்கும் டேக் கட்டுவதற்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். ஹக்கல இறுக்கமான இயற்கை ஒதுக்கிடம், அதற்குள் போவதற்கே தனி அனுமதி. டேக் என்பது ஒரு ஒலிபரப்பி, ஆகவே அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் ஓர்டர். டேக்குகள் அலைவரிசை பதித்தே வரும், பிறகு மாற்ற முடியாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் பறவையியல் குழுவோடு பேசுங்கள், தேசிய வளையத் திட்டம் அவர்களோடு சேர்ந்துதான் ஓடுகிறது. மன்னார்க் கடற்காகங்களுக்கு ஜி.பி.எஸ். கட்டிய அனுபவமும் அங்கே இருக்கிறது.

தங்கமலை நிழல்
சரி, இப்படி எடுத்துக்கொள்கிறோம்: முதல் வருஷம் அப்புத்தளை முகட்டில் ஒரு கோபுரம், பைட் த்ரஷுக்கும் ஆறுமணிக் குருவிக்கும் மட்டும் ஒக்டோபரில் டேக். ராபின் மார்ச்சில். ஈபிடிப்பான் இப்போதைக்கு வேண்டாம். கடைசியாக ஒன்று. கோபுரம் சரியாகக் கேட்கிறதா என்று குருவி வருமுன் எப்படிச் சோதிப்பது?

தலவாக்கலை அலைவரிசை
சோதனை டேக் ஒன்று தனியாக வாங்குங்கள். கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், உடம்பு சமிக்ஞையைக் குடிக்கும், டேக்கின் இசைவும் மாறும். நாலு மீற்றர் மூங்கில் கழியின் நுனியில் கட்டி, கம்பி கிடையாக இருக்கும்படி, பார்வைப் பரப்பு வரைபடத்தில் குறித்த இடங்களில் ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நில்லுங்கள். ஃபோனில் ஜி.பி.எஸ். பதிவு ஓடட்டும். ஒரு தடவை வெயிலில், ஒரு தடவை மழை விட்ட உடனே. இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் மூடுபனி நாளில் காணாமல் போன பறவையைப் பற்றிப் பேசலாம். எதிரே கற்பாறைச் சரிவு இருந்தால் சமிக்ஞை அதில் பட்டுத் தெறித்து, எதிர்ப்பக்க அன்டெனாவில் பலமாகக் கேட்கும். அப்படியான இடங்களை வரைபடத்தில் சிவப்பில் குறியுங்கள்.

முடிந்ததும் டேக்கை நிறுத்தி, அதன் இலக்கத்தைப் பதிவேட்டில் சோதனை என்று எழுதி, அலுமினியத் தாளில் சுற்றி நுவரெலியாவுக்கே கொண்டுபோய்விடுங்கள். பெட்டிக்குள் மறந்து வைத்தால் பருவம் முழுக்க அதுவே பத்து செக்கனுக்கு ஒரு தடவை கத்தி, குருவியின் கொத்துகள் மேலே விழும்.